டாக்டரிடம் ஜெயித்த கை

டாக்டரிடம் நான் இரண்டு தடவை ஜெயித்தேன். இரண்டாவது தடவை ஜெயித்தபோது என் மகள் மட்டும் குறுக்கே விழாமல் இருந்திருந்தால், இதை எழுத இந்தக் கை இருந்திருக்காது. பேனா இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. கொஞ்சம் எழுதுகிறேன், விரல் மரத்ததும் வைத்துவிட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். அதனால் இதில் அங்கங்கே தொடர்ச்சி விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊர் சின்னமனூர். தொழில் குஸ்தி. என் அப்பா மண் கோதாவில் பிடித்தவர். நான் கயிறு கட்டிய மேடைக்கு வந்தவன். பிறகு நானே ஒரு குழு வைத்து, கம்பத்திலிருந்து தேவதானப்பட்டி வரைக்கும், திருவிழாவோ பொருட்காட்சியோ, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மேடையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆட்டம் நடத்தினேன். மச்சினன் கருப்பையா மேடையில் எனக்குப் பரம எதிரி. மேடையை விட்டு இறங்கினால் என் மகளுக்குத் தாய்மாமன். மகள் அரசி உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போகும்போதே மல்யுத்தம் படித்துப் பதக்கம் வாங்கியவள். வேலைக்குப் போ என்று சொன்னேன், கேட்காமல் என் மேடைக்கே வந்துவிட்டாள். மனைவி ராஜாமணிக்குச் சாப்பாடும் கல்லாவும். கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. மேடைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். கூட்டம் கத்துகிற சத்தத்தை வைத்தே நான் விழுந்தேனா, கருப்பையா விழுந்தானா என்று சொல்லிவிடுவாள்.

எங்களை எங்கே பார்த்தாலும் ஜனங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இது நெசமா, பொய்யா? யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வோம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் விழுவதைப் பேசி வைத்துக்கொள்ள முடியாது. தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் கீழே பலகைதான் இருக்கும், அதன்மேல் ஒரு மெல்லிய பஞ்சு மெத்தை இருக்கும். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகை விரித்து விழ வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி விழுந்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் ‘கை கேட்பது’ என்று பெயர். ஆட்டம் தொடங்கும் முன்னால் இரண்டு பேரும் நடு மேடையில் கை குலுக்குவார்கள். பார்க்கிறவர்கள் மரியாதைக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் குலுக்கலில் ஒரு அமுக்கு அமுக்கினால் உடம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு அமுக்கு அமுக்கினால் இன்றைக்கு எங்கேயோ வலிக்கிறது, பார்த்துப் பிடி என்று அர்த்தம். வலிக்கிற பக்கத்தைக் கண்ணால் காட்டுவான். எதிராளி அந்தப் பக்கம் கை வைக்க மாட்டான். மேடையில் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், கையில் மட்டும் சொல்லக்கூடாது. சொன்னவனை அன்றைக்கே வண்டியேற்றி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு வந்த நோய் சட்டைப் பொத்தானில் தொடங்கியது. மேல் பொத்தான் ஓட்டைக்குள் போகாது. சட்டை புதுசு, ஓட்டை இறுக்கம் என்று நினைத்தேன். பிறகு டீ டம்ளர். ஒரு நாள் ராஜாமணி, “ஏங்க, சுடலையா?” என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன், கொதிக்கிற டம்ளரை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன். தோல் சிவந்து கிடந்தது. சூடு தெரியவில்லை. அதற்கடுத்து மேகமலையில் எஸ்டேட் திருவிழா முடிந்து ஜீப்புக்கு நடந்து வரும்போது பின்னாலிருந்து கருப்பையா குரல் கொடுத்தான்.

“மச்சான், செருப்பு அங்கன கெடக்கு. ஒத்தைக் காலோட எங்க போறீக?”

இடது கால் செருப்பு கழன்று கிடந்திருக்கிறது. எனக்கு அது தெரியவேயில்லை. மலைக்குளிரில் கால் மரத்துவிட்டது என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ஜீப்பில் ஏறிய பிறகு பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். யாரோ துணிக்கு மேலே கிள்ளுகிற மாதிரி இருந்தது.

உள்ளூர் டாக்டரிடம் போனேன். அவர் சர்க்கரை பார்த்தார், ரத்தம் பார்த்தார். எல்லாம் அளவோடு இருந்தது. கடைசியாக இரண்டு விரலை என் கைக்குள் கொடுத்து, “இறுக்கிப் பிடிங்க, நான் உருவுறேன்” என்றார். பிடித்தேன். அவர் உருவிப் பார்த்தார், வரவில்லை. “பயில்வானே, விரலை ஒடிச்சிருவீக போல இருக்கே” என்று சிரித்துவிட்டு, நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அதுதான் முதல் ஜெயிப்பு.

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நான் எப்படிப் பிடித்தேன் என்று எனக்கல்லவா தெரியும். சுண்டுவிரலும் மோதிர விரலும் அப்போதே பாதி செத்திருந்தன. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, தோள் பலத்தில் பூட்டு போட்டுவிட்டேன். அது நான் கருப்பையாவுக்குப் போடுகிற பூட்டு. டாக்டரை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என் உடம்பு தானாக அதைச் செய்துவிடும். எந்தப் பக்கம் பலவீனம் என்று எதிராளிக்குக் காட்டாமல் இருப்பதைத்தானே வாழ்நாள் பூராவும் பழகியிருக்கிறேன்.

மாத்திரை தீர்ந்தது. பொத்தான் இன்னும் மோசமானது. நடக்கும்போது தரை மெத்தை மாதிரி அமுங்க ஆரம்பித்தது. அரசி ஒரு நாள் காலையில் என்னைப் பைக்கில் ஏற்றித் தேனிக்குக் கூட்டிப்போனாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, நரம்பு டாக்டர்.

அங்கே காத்திருக்கிற இடம் மாடியில், காற்று வராத ஒரு நடை. இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று கோத்து இருக்கும், ஒருத்தர் அசைந்தால் எல்லோரும் அசைய வேண்டும். கம்பத்துத் திராட்சை விவசாயி, போடி ஏலக்காய்க் கடைக்காரர், வாய் கோணிப்போன ஒரு அம்மா, அவர்களோடு வந்தவர்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பெரிய ஸ்கேன் உறை. டோக்கன் கூப்பிடுகிற பெண் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் எல்லாத் தலையும் நிமிரும், பிறகு தொங்கிவிடும். காத்திருப்பது விழுவதைவிட உடம்பை வாட்டுகிறது. அன்றைக்கு ஒரு டீ குடிக்கக்கூடப் பயம், போகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது.

திராட்சை விவசாயி என்னை உற்றுப் பார்த்தார். “பயில்வான்தானே நீங்க? போன வருசம் எங்க ஊருக்கு வந்தீகளே. அந்தக் கருப்புச் சட்டைக்காரரு ஒங்களைத் தூக்கிப் போட்டாரே, அது நெசமா, பொய்யா?”

“இங்கன எதுக்கு உக்காந்திருக்கேன்னு நெனைக்கிறீக?” என்றேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். ஏன் கழுத்தைப் பார்த்தார் என்று தெரியாது. அப்போது எனக்கே கழுத்தில்தான் கோளாறு என்று தெரியாது.

டாக்டர் என்னைவிட ரொம்ப இளையவர், கண்ணாடி போட்டவர். நிதானமாகப் பேசினார். கையை நீட்டச் சொல்லி அமுக்கிப் பார்த்தார், அமுங்கவில்லை. விரலைக் கொடுத்து உருவினார், வரவில்லை. ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால் வைத்துக் கோட்டில் நடக்கச் சொன்னார். மேடையின் ஓரத்தில், கயிற்றுக்கு வெளியே நடக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எதிரே சுவரில் தொங்கிய காலண்டர் மேல் கண்ணை நட்டுவிட்டு நடந்து காட்டினேன். எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டே வந்தேன்.

முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டியபோதுதான் என் சமாளிப்பு பலிக்கவில்லை. கால் கழுதை உதைப்பது போல வெளியே எகிறியது. டாக்டரின் முகம் மாறியது. நடுவிரல் நகத்தைச் சுண்டினார். சம்பந்தமில்லாமல் கட்டைவிரல் உள்ளே மடங்கியது. அதை நான் எவ்வளவு நிறுத்தப் பார்த்தும் முடியவில்லை.

“கழுத்துல தண்டுவடத்துக்கு நெருக்கல் இருக்கிற மாதிரி தெரியுது” என்றார். “ஆனா கைல பலம் நல்லா இருக்கு. நடையும் பரவாயில்ல. ஆரம்ப நிலையா இருக்கலாம். இப்போதைக்கு மாத்திரை போடுவோம். கொஞ்ச நாள் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. சித்திரை முழுவதும் ஆட்டம் பேசி வைத்திருந்தேன். எழுந்து சட்டையை மாட்டப்போனேன். அப்போதுதான் அரசி வாயைத் திறந்தாள்.

“டாக்டர், எங்கப்பா ஏமாத்துறாக.”

டாக்டர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன், முறைத்து.

“கையில பலம் இல்ல. தோள்ல பூட்டு போட்டுப் பிடிக்கிறாக. அது எங்க தொழில். நீங்க எம்புட்டு இழுத்தாலும் தெரியாது” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். “அப்பா, கை கேக்குறேன்.”

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் போட்ட சட்டம். கையில் பொய் சொன்னவனை ஊருக்கு அனுப்புகிற ஆள் நான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு தடவை அமுக்கினேன்.

“ரெண்டு” என்றாள் டாக்டரிடம். “வலியோ பலக்குறைவோ இருக்குன்னு அர்த்தம். இப்ப பாருங்க.” என் முழங்கையை விலாவிலிருந்து பிரித்து, மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சுண்டுவிரலை லேசாக இழுத்தார். அது பிடிப்பே இல்லாமல் அவரோடு போனது. மோதிர விரலும் போனது.

அவர் கோபப்படவில்லை. “நல்லவேளை சொன்னீங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதினார். நான் வெளியே வந்து மகளோடு பேசவில்லை. நடு மேடையில் வேட்டியை உருவிவிட்ட மாதிரி இருந்தது. ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் பேசவில்லை. அவள் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் என்பது ஒரு குழாய். அதற்குள் படுக்கவைத்துத் தள்ளிவிடுவார்கள். என் தோள் இரண்டு பக்கமும் உரசியது. உள்ளே ஜெனரேட்டர் பக்கத்தில் படுத்த மாதிரி சத்தம், நிற்கிறது, திரும்பத் தொடங்குகிறது. பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்திருந்தார்கள். நான் பயப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு பையன் ஓடி வந்தான். “என்ன சார், விடாம அமுக்கிக்கிட்டே இருக்கீங்க, என்ன செய்யுது?” என்றான். எனக்கு அது தெரியாது. என் கை பயந்து அமுக்கியிருக்கிறது, அமுக்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழாய்க்குள் படுத்துக்கொண்டுதான் முதல் தடவையாக அழுதேன்.

படம் பார்க்க ராஜாமணியும் கருப்பையாவும் வந்திருந்தார்கள். படத்தை விளக்கின் முன்னால் வைத்து டாக்டர் விளக்கினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு இருக்கிறது. அது விழுந்து விழுந்து தேய்ந்து, பின்பக்கம் பிதுங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால்தான் மூளையிலிருந்து கை காலுக்குப் போகிற தண்டுவடம் இறங்குகிறது. “உங்க பக்கம் திராட்சைத் தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பாங்கல்ல? அது மேல ஒரு டிராக்டர் டயர் நிக்குதுன்னு வச்சுக்கங்க. கடைசிச் செடி வரைக்கும் தண்ணி போகாது. கால் மரத்துப்போறது அதனாலதான்” என்றார்.

“டயரை எடுத்துட்டா?”

“ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். இனிமே கெடாம நிறுத்தலாம். ஆனா வாடின செடி திரும்பத் துளுக்குமாங்கறதை நான் சொல்ல முடியாது. துளுக்கலாம், துளுக்காமலும் போகலாம்.” பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். “இந்தக் கழுத்தோட இன்னும் ஒரு தடவை மேடையில விழுந்தீங்கன்னா, கழுத்துக்குக் கீழே எல்லாமே போயிரலாம். மூச்சுகூட.”

கருப்பையா எழுந்து வெளியே போய்விட்டான். அவனைத் தேடிப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க் கடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை பெரிய உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது.

“நாந்தானே மச்சான் போட்டேன். அம்புட்டு வருசமும் நாந்தானே தூக்கிப் போட்டேன்.”

“நான் சொன்ன எடத்துலதானடா போட்ட” என்றேன். “ஒன்னைத் தவிர வேற எவன் போட்டிருந்தாலும் எப்பவோ செத்திருப்பேன்.” அது சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. அவன் கை தாங்கிப் போட்டதால்தான் இத்தனை வருஷம் ஓடியது. அவன் இளநீர் வாங்கிக் கொடுத்தான். டம்ளரை நான் பிடிக்கவில்லை, அவனே என் வாயில் வைத்துப் பிடித்தான்.

பணத்தைப் பற்றி நிறைய எழுதப் பிடிக்கவில்லை. காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது. மீதிக்கு மேடை ஏற்றுகிற லாரி போனது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் எல்லோரும் கொஞ்சம் அமைதியாகிறோம், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருத்தர், ஏலக்காய்ச் செடிக்கு மருந்தடிக்கும்போது வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டவர். பெயர் சவரிமுத்து. கூட இருக்க அவருக்கு ஆளில்லை. ராஜாமணி எனக்குக் கொண்டுவந்த இட்லியில் பாதி அவருக்குப் போனது. மேடைக்கு முதுகைக் காட்டியே காலத்தை ஓட்டியவள், அங்கே வந்த பிறகு ஒன்றையும் விடாமல் பார்த்தாள். ஊசி எங்கே ஏறுகிறது, பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது, சிறுநீர்ப் பையில் நிறம் என்ன, எல்லாம் அவளுக்குத் தெரியும். “இம்புட்டு நாளும் பாக்காம இருந்ததுக்குச் சேத்து வச்சுப் பாக்குறேன்” என்றாள். பொத்தானைப் போட்டு விடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அது ஒரு மரியாதை. அவளுக்குத்தான் அப்படியெல்லாம் தெரியும்.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழியில் அரசி கட்டிலோடு நடந்து வந்தாள். நான் பயந்து போயிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, பயந்துதான் போயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். அமுக்கினாளா, எத்தனை தடவை அமுக்கினாள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் விரல்களைக் கண்ணால்தான் பார்த்தேன். கதவு வரை வந்து நின்றுவிட்டாள்.

ஆபரேஷனைக் கழுத்தின் முன்பக்கம் கீறித்தான் செய்கிறார்கள். தொண்டையை ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போய், பிதுங்கிய ஜவ்வை எடுத்து, அந்த இடத்தில் ஒரு கட்டையும் உலோகத் தகடும் வைத்து முடுக்குகிறார்கள். இது எனக்கு முன்னாலேயே சொல்லப்பட்டது, ஆனாலும் கண் விழித்தபோது குரல் போயிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மைக்கில் சின்னமனூர் முழுக்கக் கேட்கப் பேசிய தொண்டையில் காற்று மட்டும் வந்தது. எச்சில் விழுங்கினால் முள் விழுங்குகிற மாதிரி. நர்ஸ் வந்து, “காலை அசைங்கய்யா” என்றாள். அசைத்தேன். “நல்லா அசையுது” என்று அவள் சிரித்தாள். அந்தப் பெண்ணின் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

கழுத்துப் பட்டையோடு வார்டுக்கு வந்தேன். தூக்கம் வராது. திரும்பிப் படுக்க முடியாது, இரும முடியாது. சவரிமுத்து இருட்டில் பேச்சுக் கொடுப்பார். எஸ்டேட் திருவிழாவில் என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். “நீங்க விழுந்தப்ப எங்க லயத்து வீட்டுப் பொம்பளையெல்லாம் அழுதுருச்சுக. நான்தான் சொன்னேன், அதெல்லாம் பொய்யின்னு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மன்னிச்சுக்கங்க” என்றார். எனக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. அதுவும் நல்லதுதான்.

அரசியோடு ஆட்டம் போடுகிற பெண் ஷைனி, கட்டப்பனையிலிருந்து மலையிறங்கி வந்தாள். தூக்குவாளியில் மரவள்ளிக்கிழங்குக் கப்பையும் மீன் குழம்பும். எனக்கு விழுங்க முடியாது என்று தெரிந்ததும், கப்பையைக் கையாலேயே குழைத்துக் கஞ்சியாக்கி ஊட்டினாள். “ஒண்ணும் பேடிக்கண்டா மாஸ்டரே, எல்லாம் சரியாகும்” என்றாள், பயப்பட வேண்டாம் என்று தன் மலையாளத்தில். மேடையில் என் மகளின் முடியைப் பிடித்து இழுக்கிற கை அது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான அலுப்பு. ஆஸ்பத்திரியில் யாராவது வருவார்கள், ஏதாவது நடக்கும். வீட்டில் நாள் நகராது. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருவாள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை, இன்னொன்றில் பட்டாணி. இரண்டையும் கலந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து எது எது என்று சொல்லச் சொல்வாள். இதில் பூட்டு போட முடியாது. தோளை வைத்து என்ன செய்வது? வாயில் வந்ததைச் சொல்வேன். பாதி தப்பாகும். மெல்ல மெல்ல நடை திரும்பியது. செருப்பு காலிலேயே நின்றது. குரலும் கரகரப்பாகத் திரும்பியது. பொத்தான்கூட, கண்ணாடி பார்த்துப் போட்டால் போட முடிந்தது. ஆனால் விரல் நுனிக்கு உணர்வு வரவில்லை. புளியங்கொட்டைக்கும் பட்டாணிக்கும் வித்தியாசம் தெரியாத கையை வைத்துக்கொண்டு, வாடின செடி துளுக்காமலே போய்விடுமோ என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ராஜாமணி கேட்டால் பரவாயில்லை என்பேன். அவள் நம்புவதில்லை.

ஆவணியில் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு ஆட்டம் ஒப்புக்கொண்டோம். வாடகை டெம்போவில் மேடை போனது. நான் மேலே ஏறப்போவதில்லை, கீழே நாற்காலியில் உட்கார்ந்து மைக்கில் பேச மட்டும் டாக்டர் சம்மதித்திருந்தார். அன்றைக்குப் பெரிய ஆட்டம் அரசிக்கும் ஷைனிக்கும். ஊர் முழுக்க இரண்டு பேர் படமும் போட்ட பிளக்ஸ். பொழுது சாயும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. ராஜாமணி வழக்கம்போல முதுகைக் காட்டி உட்காரவில்லை. என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள், கழுத்தை எவனாவது இடித்துவிடுவானோ என்று.

துணி மறைப்புக்குப் பின்னாலிருந்து அரசி வந்தாள். மேடை ஏறுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம். காலைத் தொடக் குனிந்தாள். நான் சும்மாதான், பழைய நினைப்பில், கையை நீட்டினேன்.

“கை குடு ஆத்தா.”

கொடுத்தாள். ஒரு அமுக்கு அமுக்கினாள். எல்லாம் சரி என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு அமுக்கு தெரிந்தது. கட்டைவிரல் தெரிந்தது, ஆள்காட்டி விரல், நடுவிரல் தெரிந்தது. உள்ளங்கை சூடு தெரிந்தது. சூடு! டீ டம்ளர் சூடு தெரியாத கையில் என் மகளின் கைச்சூடு ஏறியது. எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று எழுதத் தெரியவில்லை. சத்தம் போட்டு ராஜாமணியைக் கூப்பிட வாயெடுத்தேன்.

அதற்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. அவள் சுண்டுவிரலில் பிடியே இல்லை. மோதிர விரல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு உள்ளே மடங்கியிருந்தது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

அது என் பூட்டு.

கையை விடாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்த்தாள்.

“பூட்டை எடு ஆத்தா” என்றேன்.

“ஒண்ணுமில்லப்பா. நேத்துப் பயிற்சியில தோள் மேல விழுந்தேன். கொஞ்சம் மரத்துக் கெடக்கு, அம்புட்டுத்தான். ஆட்டம் முடிஞ்சா சரியாப் போயிரும்.”

“ரெண்டு அமுக்கணும்ல?”

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. “லாரியும் போயிருச்சுப்பா. இந்த ஆட்டமும் போச்சுன்னா அடுத்து யாரு கூப்புடுவா?” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு என் கைக்குள் இன்னும் ஒரு தடவை அமுக்கினாள்.

கருப்பையாவைக் கூப்பிட்டு அவளை என் பக்கத்திலேயே உட்கார வைக்கச் சொன்னேன். மைக்கை எடுத்தேன். எத்தனையோ வருஷம் அந்த மைக்கில் பொய்தான் சொல்லியிருக்கிறேன். இவன் காட்டில் புலியைக் கொன்றவன், அவன் இரும்புக் கம்பியைத் தின்பவன் என்று. கரகரத்த குரலில், “அரசிக்குத் தோள்ல அடி. இன்னைக்கு எறங்க மாட்டா. அவளுக்குப் பதிலா வேற ஆட்டம் நடக்கும். மன்னிச்சுக்கிடணும்” என்றேன்.

கூட்டம் கத்தியது. சிலர் சிரித்தார்கள், இதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான், இப்போது பாய்ந்து வருவாள் பார் என்று விசில் அடித்தார்கள். விழாக் கமிட்டிக்காரர் என் பக்கம் ஓடி வந்தார், முகம் கறுத்திருந்தது. முன் வரிசையில் ஒருத்தன் எழுந்து நின்று வாயில் கை வைத்துக் கூவினான்.

“பயில்வானே, இது நெசமா, பொய்யா?”

மைக் என் இடது கையில் இருந்தது. அதன் இரும்பு சில்லென்று இருந்தது. வலது கை இன்னும் மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நெசம்” என்றேன்.

யாரும் நம்பவில்லை. ராஜாமணி மட்டும் எழுந்து, காலையில் தேனிக்குப் போக வண்டி சொல்லக் கிளம்பினாள்.